எஞ்சின் விடும் மூச்சு: மாறும் வால்வு நேரமும் உறங்கும் சிலிண்டர்களும்

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ஓடும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால், முன்னால் நிற்கும் காரின் பின்புறத்தைப் படிப்பதைத் தவிர வேறு வேலை இராது. வி.வி.டி-ஐ, ஐ-வி-டெக், மிவெக், சி.பி.எஸ். என்று விதவிதமான எழுத்துகள் கண்ணில் படும். கார் வாங்கப் போகும்போது விற்பனையாளர் இவ்வெழுத்துகளைச் சொல்லித்தான் விலையை நியாயப்படுத்துவார். நாமும் புரிந்ததுபோல் தலையாட்டுவோம். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறினாலும் இவை அனைத்தும் ஒரே கேள்விக்குத் தரப்பட்ட விடைகள்தாம். எஞ்சின் எப்போது, எவ்வளவு மூச்சு விட வேண்டும் என்பதே அக்கேள்வி.

இது இயந்திரவியல் படிக்கும் மாணவர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. 2008 ஜூன் 5ஆம் நாள் மலேசியாவில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 ரிங்கிட் 92 சென்னிலிருந்து 2 ரிங்கிட் 70 சென்னாக ஒரே நாளில் ஏறியது பலருக்கு நினைவிருக்கும். முதல்நாள் இரவு எண்ணெய் நிலையங்களின் வாசலில் வரிசைகள் நீண்டன. அதுவரை "வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்த நண்பர்கள், "ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அவ்விரண்டாம் கேள்விக்கான விடை பெரும்பாலும் எஞ்சினின் வால்வுகளில் இருக்கிறது.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. வால்வுக்கு அடைப்பிதழ் என்றும் ஓரதர் என்றும், சிலிண்டருக்கு உருளை என்றும் நல்ல கலைச்சொற்கள் உள்ளன. தமிழ்மொழிக் கழகத்தின் ஏட்டில் அவற்றைத்தானே எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஆனால், இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போகும் வாசகர் அங்குள்ளவரிடம் பேச வேண்டும். ஆகவே பட்டறையில் வழங்கும் சொற்களையே கையாள்கிறேன்.

சாலை கேட்பது எவ்வளவு?

முதலில் ஓர் எளிய கணக்கு. 1,100 கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்று வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில், சமதளத்தில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று அதனைப் பின்னுக்குத் தள்ளும் விசை ஏறத்தாழ 360 நியூட்டன். டயர்கள் உருள்வதால் ஏற்படும் தடை சுமார் 120 நியூட்டன். இரண்டையும் கூட்டி, வினாடிக்கு 30 மீட்டர் சொச்சம் என்ற வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது 15 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் இருபது. அதே கார் ஊருக்குள் 50 கிலோமீட்டரில் போகும்போது 3 கிலோவாட்கூடத் தேவைப்படுவதில்லை. நம் நாட்டு வெயிலுக்குக் குளிர்சாதனம் இன்னும் ஓரிரு கிலோவாட் கேட்கும். அவ்வளவுதான்.

2004இல் வெளிவந்த புரோட்டோன் ஜென்-2 காரின் 1.6 லிட்டர் எஞ்சின் தரக்கூடிய உச்சத் திறன் 82 கிலோவாட். நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகத்தில் ஓடும்போதுகூட அதில் ஐந்தில் ஒரு பங்கே பயன்படுகிறது. மிச்சம் எதற்கு? கெந்திங் மலை ஏற, லாரியை முந்த, நெடுஞ்சாலைக்குள் நுழையும்போது வேகமெடுக்க. அந்தச் சில வினாடிகளுக்காகச் செய்யப்பட்ட எஞ்சினை நாள் முழுவதும் இழுத்துக்கொண்டு திரிகிறோம். பட்டமளிப்பு விழாவுக்குக் கட்டிய மண்டபத்தில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு ஐந்து பேருக்கு டியூட்டோரியல் வகுப்பு நடத்துவது போன்றது இது.

பெட்ரோல் எஞ்சின் தன் முழு ஆற்றலுக்கு அருகில் உழைக்கும்போதுதான் எரிபொருளை நன்றாகப் பயன்படுத்துகிறது. நன்கு வடிவமைக்கப்பட்ட இன்றைய எஞ்சின் சாதகமான நிலையில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் வேலையாக மாற்றிவிடும். குறைந்த சுமையில் அந்த அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. ஏன் இறங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஐந்து மில்லிவினாடி

நான்கு வீச்சு எஞ்சினைப் பற்றிப் படிவம் மூன்றிலேயே படித்திருப்போம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வருகின்றன; மேலே ஏறும்போது அழுத்தப்படுகின்றன; தீப்பொறி பட்டு எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன; மீண்டும் அது மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. உள்ளே வரும் வாசலுக்கு ஒரு வால்வு, வெளியேறும் வாசலுக்கு ஒரு வால்வு. இக்காலக் கார்களில் பெரும்பாலும் ஒவ்வொன்றும் இரண்டாக, சிலிண்டருக்கு நான்கு. இவ்வால்வுகளைத் தள்ளித் திறப்பது கேம்ஷாஃப்ட் என்னும் தண்டு. அதன் மீதுள்ள முட்டை வடிவ மேடு சுழன்று வரும்போது வால்வு திறக்கும். மேடு கடந்ததும் சுருள்வில் அதனை மூடிவிடும்.

பாடநூலில் வால்வு, பிஸ்டன் மேலே இருக்கும்போது திறந்து கீழே வந்ததும் மூடிவிடும். உண்மையான எஞ்சினில் அப்படி நடப்பதில்லை. காரணம், காற்றுக்கும் எடை உண்டு.

அலுவலகம் முடியும் நேரத்தில் மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்தில் நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கதவு திறந்ததும் கூட்டம் உடனே நகர்வதில்லை. முதலில் ஒரு தயக்கம். நகரத் தொடங்கிய பிறகோ நிற்பதில்லை. மணி அடித்த பின்னும் பின்னாலிருப்பவர்கள் உந்திக்கொண்டு ஏறுகிறார்கள். காற்றும் அப்படித்தான். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது, பிஸ்டன் அடித்தளத்தைத் தொட்டு மேலே திரும்பிய பின்னும் குழாயிலுள்ள காற்று தன் வேகத்தினாலேயே உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே உள்வால்வைச் சற்றுத் தாமதமாக மூடினால் அதிகக் காற்று கிடைக்கும். அதுபோலவே, புகை வெளியேறி முடிவதற்குச் சற்று முன்பே உள்வால்வைத் திறந்துவிட்டால், வெளியேறும் புகை புதிய காற்றையும் தன்னோடு இழுத்துவிடும். இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் இச்சிறு நேரத்தைப் பட்டறையில் ஓவர்லேப் என்பார்கள்.

இப்போது நேரத்தைக் கவனியுங்கள். எஞ்சின் நிமிடத்திற்கு 6000 சுற்று சுழலும்போது பிஸ்டனின் ஒரு வீச்சுக்குக் கிடைப்பது 5 மில்லிவினாடி. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, 800 சுற்றில், அதே வீச்சுக்கு 37 மில்லிவினாடி. ஒன்று நெரிசல் நேர எல்.ஆர்.டி.; மற்றொன்று நள்ளிரவு எல்.ஆர்.டி. நெரிசல் நேரத்துக்கேற்பக் கதவுகளை நேரம் கடந்து திறந்து வைத்தால், குறைந்த வேகத்தில் என்ன நடக்கும்? உந்திவரும் கூட்டம் இல்லாததால், மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். ஓவர்லேப் நேரத்தில் புகை காற்றுக் குழாய்க்குள் புகுந்துவிடும். பந்தயக் கார்கள் நிற்கும்போது தடதடவென்று குலுங்குவது இதனால்தான்.

சாதாரணக் கேம்ஷாஃப்ட் இரும்பில் வார்த்த ஒரு தண்டு. அதன் மேடு எப்போது, எவ்வளவு நேரம் வால்வைத் திறக்க வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். ஆகவே பொறியாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்து சமாதானம் செய்துகொண்டார்கள். குடும்பக் காருக்குக் குறைந்த வேகத்தில் நல்ல இழுவை, உயர்ந்த வேகத்தில் மூச்சுத் திணறல். விளையாட்டுக் காருக்கு நேர்மாறாக.

நேரத்தை நகர்த்துவது

இச்சமாதானத்தை உடைத்த முதல் விற்பனைக் கார் 1980ஆம் ஆண்டின் ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்வால்வின் கேம்ஷாஃப்டைச் சற்று முன்னே திருப்பும் ஏற்பாடு அதில் இருந்தது. இன்று நம் சாலைகளில் ஓடும் பெரும்பான்மைக் கார்களில் உள்ளதும் அடிப்படையில் அதே எண்ணந்தான். கேம்ஷாஃப்டின் முனையிலுள்ள பற்சக்கரத்துக்குள் சிறு அறைகள் இருக்கும். எஞ்சின் எண்ணெயை அழுத்தத்துடன் அவ்வறைகளின் ஒரு பக்கத்துக்கு அனுப்பினால் தண்டு முன்னே நகரும். மறுபக்கத்துக்கு அனுப்பினால் பின்னே நகரும். எண்ணெயை எந்தப் பக்கம் விடுவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. மேட்டின் வடிவம் மாறுவதில்லை. அது வரும் நேரம் மட்டும் மாறுகிறது. டொயோட்டா இதனை வி.வி.டி-ஐ என்றது. பி.எம்.டபிள்யூ 1992இல் வானோஸ் என்ற பெயரில் கொண்டு வந்தது. 2005இல் அறிமுகமான பெரோடுவா மைவியில் டி.வி.வி.டி. என்று வந்தது. அதன் முதலெழுத்தை 'டுவல்' என்று பலர் விரித்துச் சொல்வதுண்டு. டைஹாட்சுவின் வழக்கில் அது 'டைனமிக்'. அந்த எஞ்சினில் உள்வால்வின் நேரம் மட்டுமே மாறும். உள், வெளி ஆகிய இரு பக்கமும் நேரம் மாறுவது 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில்தான்.

ஹோண்டா வேறு வழியில் சென்றது. 1989இல் இன்டெக்ரா காரில் வெளியான வி-டெக் எஞ்சினின் கேம்ஷாஃப்டில் ஒவ்வொரு வால்வு இணைக்கும் மூன்று மேடுகள் இருந்தன. வெளியிலுள்ள இரண்டும் தாழ்ந்தவை, நடுவிலுள்ளது உயர்ந்தது. சாதாரண வேகத்தில் தாழ்ந்த மேடுகள் வால்வுகளைத் திறக்கும். நடு மேடு சும்மா அசைந்துகொண்டிருக்கும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி மூன்று நெம்புகோல்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். உடனே உயர்ந்த மேடு ஆட்சிக்கு வரும். வால்வு அதிக உயரம், அதிக நேரம் திறக்கும். ஒரே எஞ்சினுக்குள் குடும்பக் காரும் பந்தயக் காரும். 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன், 7600 சுற்றில், டர்போ இல்லாமல். அந்நாளில் அது வியப்புக்குரிய எண்.

மிட்சுபிஷி 1992இல் மிவெக் என்ற பெயரில் இதற்கு ஈடு கொடுத்தது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதியான கார்களின் மிவெக் எஞ்சினைப் புரோட்டோன் விராவிலும் சத்ரியாவிலும் பொருத்திக்கொண்ட அண்ணன்மார்களை 1990களின் பிற்பகுதியில் வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மோட்டார் சைக்கிள் ஓட்டும் சிங்கப்பூர் நண்பர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ஹோண்டா சி.பி.400 சூப்பர் ஃபோர். 1999 முதல் அதில் வந்த ஹைப்பர் வி-டெக், குறைந்த சுற்றில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகளையும் உயர்ந்த சுற்றில் நான்கையும் திறக்கிறது. அந்த நொடியில் வண்டியின் குரல் மாறுவதைச் சாலையோரத்தில் நிற்பவர்கூடக் கேட்கலாம்.

கேம்ப்ரோ சொல்லும் கதை

மலேசியர்கள் இத்தொழில்நுட்பத்தின் அருமையை அதன் இல்லாமையினால் உணர்ந்தார்கள் எனலாம். 1985 முதல் மிட்சுபிஷி எஞ்சின்களையே நம்பியிருந்த புரோட்டோன், தன் சொந்த எஞ்சினை லோட்டஸ் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கியது. கேம்ப்ரோ என்ற அந்த எஞ்சின் 2004இல் ஜென்-2 காரில் வந்தது. 110 குதிரைத்திறன், 148 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசை. தாளில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓட்டியவர்கள் சொன்னது வேறு. 2500 சுற்றிலிருந்து 3500 சுற்று வரை எஞ்சின் சோர்ந்துபோனது. முறுக்குவிசைக் கோடு அங்கே குழிவிழுந்திருந்தது. நாம் அன்றாடம் முந்துவதும் மேடேறுவதும் அந்தச் சுற்றில்தான் என்பதால் குறை நன்றாகவே தெரிந்தது. உச்சத் திறன் 6000 சுற்றில் காத்திருந்தது. அங்கே யார் தினமும் போகிறார்கள்? அவ்வெஞ்சினில் வால்வு நேரம் நிலையானது. அதே காலத்து மைவி 1.3இன் எஞ்சினோ 87 குதிரைத்திறனும் 116 நியூட்டன்மீட்டரும்தான் தந்தது. ஆனால் அதன் உச்ச முறுக்குவிசை 3200 சுற்றிலேயே கிடைத்தது; காரின் எடையும் குறைவு. ஊருக்குள் மைவி துள்ளி ஓடியதில் ஆச்சரியமில்லை.

2008இல் புரோட்டோன் தந்த மாற்றுமருந்து கேம்ப்ரோ சி.பி.எஸ். வி-டெக்கைப் போலவே உள்வால்வுக்கு இரண்டு வகை மேடுகள். சுமார் 3800 சுற்றில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். கூடவே, காற்றுக் குழாயின் நீளமும் குறைந்த சுற்றில் நீண்டதாகவும் உயர்ந்த சுற்றில் குறுகியதாகவும் மாறும் ஏற்பாடு. திறன் 125 குதிரைக்கு உயர்ந்தது. முறுக்குவிசையின் உச்சம் 150 நியூட்டன்மீட்டர். வெறும் இரண்டு கூடுதல். ஆனால் எண்ணில் தெரியாத மாற்றம் நடுவில் இருந்த குழி பெருமளவு நிரம்பியது. விளம்பரத் தாளில் உச்ச எண்களை மட்டும் பார்த்துக் கார் வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. பின்னர் 2014இல் ஐரிஸ் காருடன் தொடர்ந்து நேரத்தை நகர்த்தும் வி.வி.டி. முறைக்குப் புரோட்டோன் மாறியது. சொந்த எஞ்சின் செய்யத் துணிந்த நாட்டின் பத்தாண்டுப் பாடம் என்று இதனைப் பார்க்கலாம். கேலி செய்தவர்கள் பலர். எனினும் தென்கிழக்காசியாவில் சொந்தமாகப் பெட்ரோல் எஞ்சின் வடிவமைத்துத் தொடர்ந்து திருத்தியவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குழலை நசுக்கிக்கொண்டு குடிப்பது

இதுவரை பேசியது திறனைப் பற்றி. எரிபொருள் சிக்கனத்துக்கு வருவோம்.

பெட்ரோல் எஞ்சினில் மிதிபலகையை அழுத்தும்போது நாம் பெட்ரோலை நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை, காற்றையே கட்டுப்படுத்துகிறோம். காற்றுக் குழாயின் வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. மெதுவாகப் போகும்போது அது ஏறக்குறைய மூடியிருக்கும். மூடிய தகட்டுக்குப் பின்னாலிருந்து பிஸ்டன் காற்றை இழுக்க வேண்டும். உறிஞ்சு குழலை விரலால் நசுக்கிக்கொண்டு இளநீர் குடித்துப் பாருங்கள், கன்னம் வலிக்கும். எஞ்சினும் அப்படித்தான் தன் சக்தியில் ஒரு பகுதியை மூச்சு இழுப்பதற்கே செலவிடுகிறது. சுமை எவ்வளவு குறைவோ, இந்த வீண்செலவின் பங்கு அவ்வளவு அதிகம். முன்பு கணக்கிட்ட 15 கிலோவாட்டும் 3 கிலோவாட்டும் அத்தகைய குறைந்த சுமைகளே.

வால்வு நேரத்தைக் கொண்டே இவ்விழப்பைக் குறைக்க முடியும். உள்வால்வை வேண்டுமென்றே மிகத் தாமதமாக மூடினால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடும். முன்பு குறையாகச் சொன்ன அதே செயல் இங்கே மருந்தாகிறது. காற்றின் அளவைக் குறைக்கும் வேலையை வால்வே செய்துவிடுவதால், தகட்டை அகலத் திறந்து வைக்கலாம். 2005இல் அறிமுகமாகி நம் சாலைகளில் ஏராளமாக ஓடிய ஹோண்டா சிவிக் 1.8இன் ஐ-வி-டெக் இதைத்தான் செய்தது. மூச்சிழுக்கும் இழப்பு 16 விழுக்காடு வரை குறைந்ததாக ஹோண்டா கூறியது. முதல் வி-டெக் வேகத்துக்காக மேட்டை மாற்றியது. இது சிக்கனத்துக்காக மாற்றியது. பெயர் ஒன்று, நோக்கம் நேரெதிர். டொயோட்டா பிரியுஸ் 1997 முதல் இதே தாமத உத்தியைக் கையாள்கிறது. பி.எம்.டபிள்யூ 2001இல் வால்வு திறக்கும் உயரத்தையே மில்லிமீட்டர் கணக்கில் கூட்டிக் குறைத்து, தகட்டின் வேலையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது.

உறங்கும் சிலிண்டர்கள்

இதே இழப்பை எதிர்கொள்ள இன்னொரு வழி, மண்டபத்தின் பாதி விளக்குகளை அணைத்துவிடுவது. நான்கு சிலிண்டரில் இரண்டைத் தூங்க வைத்தால், மீதி இரண்டும் இருமடங்கு உழைக்க வேண்டும். இருமடங்கு உழைக்க இருமடங்கு காற்று வேண்டும். ஆகவே தகடு அகலத் திறக்கும், குழல் நசுங்காது. எஞ்சினின் கொள்ளளவு தேவைக்கேற்பச் சுருங்கிவிட்டது போலாகிறது.

சிலிண்டரை நிறுத்துவது என்றால் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுவது அல்லது பெட்ரோலை நிறுத்திவிடுவது என்று நினைக்கத் தோன்றும். தீப்பொறியை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் போய் வினையூக்கி மாற்றியைக் கெடுக்கும். பெட்ரோலையும் நிறுத்தினாலும், அந்தச் சிலிண்டர் வெறுங்காற்றை இழுத்து இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மூச்சிழுக்கும் இழப்பு தொடரும். அந்தக் காற்று புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் உணரியையும் ஏமாற்றிவிடும். எனவே இரண்டு வால்வுகளையும் மூடியே வைக்க வேண்டும். உள்ளே அகப்பட்ட வாயு சுருள்வில்லைப் போல் இயங்கும். பிஸ்டன் மேலே போகும்போது அதை அழுத்தச் செலவிட்ட ஆற்றல், கீழே வரும்போது பெருமளவு திரும்பக் கிடைத்துவிடும். ஆக, சிலிண்டரைத் தூங்க வைக்கும் கலையும் வால்வைக் கட்டுப்படுத்தும் கலையே.

இதன் தொடக்கம் சோகமானது. 1981ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்த 6 லிட்டர் எஞ்சின் எட்டு, ஆறு, நான்கு என்று தேவைக்கேற்பச் சிலிண்டர்களை மாற்றிக்கொண்டது. எத்தனை ஓடுகின்றன என்பதை ஓட்டுநருக்கு எண்ணில் காட்டவும் செய்தது. எண்ணம் சரி, காலம் சரியில்லை. அன்றைய கணினிச் சில்லுக்கு அந்த வேகம் போதவில்லை. கார் குலுங்கியது, தடுமாறியது. வாங்கியவர்கள் அவ்வமைப்பைத் துண்டித்துவிட்டு எட்டிலேயே ஓட்டினார்கள். சாதாரணக் கார்களில் அது ஓராண்டோடு முடிந்தது. மிட்சுபிஷியும் 1982இலும், மீண்டும் 1992இல் மிவெக்குடனும் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் முயன்று, பிறகு கைவிட்டது.

இருபதாண்டு கழித்துக் கணினியும் எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடும் தேறிய பிறகே இது நிலைபெற்றது. ஹோண்டா 2003இல் இன்ஸ்பயர் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் மூன்றைத் தூங்க வைத்தது. மூன்று மட்டும் ஓடும்போது எழும் அதிர்வை அடக்க, எஞ்சினைத் தாங்கும் இருக்கைகள் எதிர்த்திசையில் அசைந்தன. ஒலியை அடக்க, ஒலிபெருக்கிகள் எதிரொலி எழுப்பின. பெட்ரோலை மிச்சப்படுத்துவதைவிட, மிச்சப்படுத்துவதை ஓட்டுநர் உணராமல் செய்வதற்கே அதிக உழைப்பு தேவைப்பட்டது!

2012இல் ஃபோக்ஸ்வாகன் போலோவின் 1.4 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில் நடுவிலுள்ள இரண்டும் தூங்கின. ஏறத்தாழ 1400 முதல் 4000 சுற்றுக்குள், சுமை குறைவாக இருக்கும்போது மட்டும். மாற்றம் நிகழ எடுத்துக்கொண்ட நேரம் 13 முதல் 36 மில்லிவினாடி. ஐரோப்பியச் சோதனை ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் மிச்சம் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2018இல் ஃபோர்டு தன் மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்றையே நிறுத்திக் காட்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் 2019ஆம் ஆண்டின் சில்வராடோவில் எந்தச் சிலிண்டரும் நிரந்தரமாகத் தூங்குவதில்லை. பதினேழு விதமான வரிசைகளில் எட்டும் மாறி மாறி ஓய்வெடுக்கின்றன.

குறைகளும் உண்டு. தூங்கும் சிலிண்டருக்குள் அழுத்தம் தாழும்போது பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய் மேலே ஊறிவிடலாம். விழித்தெழும்போது அது எரிந்து ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படியும். சில எஞ்சின்களில் எண்ணெய் குறைவது பெரிய புகாராகவே எழுந்தது. வால்வைப் பூட்டித் திறக்கும் சிறு பாகங்கள் தேய்ந்தால் செலவு சிறியதாக இராது.

நமக்கு எது?

சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டுமானால், மலேசியச் சிறு காருக்கு மாறும் வால்வு நேரம் இன்றியமையாதது. உறங்கும் சிலிண்டர் அப்படியன்று. கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 100 கிலோமீட்டருக்கு 0.4 லிட்டர் மிச்சமானால் மொத்தம் 60 லிட்டர். லிட்டர் 2 ரிங்கிட் என்று வைத்தால் ஆண்டுக்கு 120 ரிங்கிட். காரின் விலையில் கூடும் தொகையை அது எளிதில் ஈடுகட்டாது. பெட்ரோல் பல மடங்கு விலையுள்ள சிங்கப்பூரில் கணக்கு மாறும். ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின்களில் மிச்சமும் அதிகம். ஆனால் மூன்று சிலிண்டரில் ஓடினாலும் மலேசியச் சாலை வரி முழுக் கொள்ளளவுக்குத்தான்! தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1600 சி.சி. வரை 90 ரிங்கிட், 2000 சி.சி. என்றால் 380 ரிங்கிட். சி.சி.யை மட்டும் பார்க்கும் வரிமுறை, குறைந்த கொள்ளளவில் அதிகத் திறனைக் கறக்கும் எஞ்சின்களுக்கே சாதகம்.

சிங்கப்பூர் இதை உணர்ந்துகொண்டது. 1600 சி.சி.க்கு உட்பட்ட சொகுசுக் கார்கள் டர்போவின் உதவியோடு சாதாரணக் கார்களுக்கான சி.ஓ.இ. ஏ பிரிவில் நுழைந்தபோது, 2014 பிப்ரவரி முதல் 97 கிலோவாட் என்ற திறன் வரம்பையும் அங்கே சேர்த்தார்கள். எஞ்சினின் கொள்ளளவு அதன் திறனைச் சொல்லும் என்ற பழைய நம்பிக்கைக்கு அரசாணை வடிவில் வந்த முடிவு அது.

ஹைப்ரிட் கார்களில் குறைந்த சுமை வேளைகளை மின்மோட்டார் ஏற்றுக்கொள்வதால், சிலிண்டர்களைத் தூங்க வைக்கும் தேவை குறைகிறது. வால்வு நேரத்தின் தேவையோ குறையவில்லை. பிரியுஸ் முதலான கார்களின் சிக்கனத்தில் பாதி அந்தத் தாமத மூடலில்தான் இருக்கிறது என்றுகூடச் சொல்லத் தோன்றும். 2030 முதல் சிங்கப்பூரில் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்ற விதியில் ஹைப்ரிட்டுக்கும் இடமுண்டு.

பழைய கார் வாங்கப் போகும் இளையோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன அமைப்புகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய காரில் கசடு படிந்து, எண்ணெயைத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டு வால்வும் அதன் முன்னுள்ள மெல்லிய சல்லடையும் அடைத்துக்கொள்ளும். அப்போது கேம்ஷாஃப்ட் நகராது. நின்ற நிலையில் குலுங்கும், மேட்டில் இழுக்காது, எஞ்சின் விளக்கு எரியும். பட்டறையில் உடனே பெரிய பாகத்தை மாற்றச் சொன்னால், முதலில் அந்தச் சல்லடையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கையேட்டில் குறித்த தரத்து எண்ணெயா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றினாலும் அந்தச் சிறு அறைகளுக்குள் அது உரிய நேரத்தில் போய்ச் சேராது.